ஐந்தாம் அத்தியாயம்: சிற்றாய்வகத்தின் இணையதளமும் அதன் மூலத்தைப் பொதுவில் வைத்தலும்

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் நோக்கிச் செல்லும் சாலையில் அயோத்தியாப்பட்டணத்தை அடைந்ததும், ஒரு பாதை மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்குப் பிரிந்துபோக, மற்றொன்று வாழப்பாடி, ஏத்தாப்பூர் என்று குச்சிக்கிழங்கு வயல்களுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் நடுவே நீண்டுசெல்லும் இந்த வட்டாரத்தில், ஆராய்ச்சி என்பது பெருநகரத்துப் பெரிய ஸ்தாபனங்களுக்கே உரிய காரியம் என்று எவரும் எண்ண மாட்டார்கள். ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன; சேலத்தில் 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை தவிர, கலைக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ஒரு பேராசிரியர், மூன்று நான்கு ஆய்வு மாணவர்கள், ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி என்ற அளவில் ஓசையின்றி நடந்துவரும் ஆய்வகங்கள் அநேகம். இந்த அத்தியாயம் முக்கியமாக அந்தக் கடைசி வகுப்பாரை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது.

இத்தகைய ஆய்வகங்களுள் இணையதளம் இல்லாதவை சில. இருந்தும் இல்லாதவை பல. பிந்திய வகையின் சரித்திரம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கணினியில் ஊக்கமுள்ள ஒரு மாணவர் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அழகாக ஒரு தளம் அமைத்துக் கொடுக்கிறார், எல்லோரும் பாராட்டுகிறார்கள், அவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார், கடவுச்சொல்லும் கூடவே போய்விடுகிறது. அதன் பிறகு, "அண்மைச் செய்திகள்" என்ற தலைப்பின் கீழ் ஐந்து வருஷத்துக்கு முந்திய கருத்தரங்கு ஒன்று அப்படியே நின்றுகொண்டிருக்க, பேராசிரியருக்குக் கிடைத்த பதவி உயர்வையும் அவர் வெளியிட்ட புதிய கட்டுரைகளையும் அத்தளம் ஒருபோதும் அறியாமலே இருந்து, ஒரு நாள் இணையப் பெயருக்குரிய சந்தா கட்டப்படாமல் மறைந்து போகிறது.

மூலத்தைத் திறந்து வைப்பது, அதாவது தளத்தை உண்டாக்கும் கோப்புகள் யாவற்றையும் எவரும் பார்க்கவும் பிரதி எடுக்கவும் திருத்தி உபயோகிக்கவும் அனுமதிப்பது, ஒரு தர்மகாரியம் என்று கருதுவோர் உண்டு. அது தர்மமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சிற்றாய்வகத்தைப் பொறுத்தவரை அதன் முதற் பிரயோஜனம் வேறு என்பது என் அபிப்பிராயம். முன்பின் அறியாத ஒருவர், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நம் தளத்தின் மூலத்தை எடுத்துத் தமது ஆய்வகத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள முடியுமானால், மூன்று வருஷம் கழித்து நம்மிடம் வந்து சேரப்போகிற மாணவராலும் அது முடியும். அவரும் அன்றைக்கு முன்பின் அறியாதவரே அல்லவா? ஆகையால், ஊருக்குப் பகிரத்தக்க விதத்தில் தளத்தை அமைப்பதும் அது நெடுநாள் உயிரோடு இருக்கத்தக்க விதத்தில் அமைப்பதும் ஒரே வேலையாகும். இனி வரும் யோசனைகள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே பிறப்பவை.

யாருக்காக

தளத்தைத் தொடங்குமுன் அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தினர் சாதாரணமாக நினைப்பது சக விஞ்ஞானிகளையும், தேசியத் தரமதிப்பீட்டுக்கு வரும் குழுவினரையும், சேர விரும்பும் மாணவர்களையும் மட்டுமே. ஆனால் இந்தப் பக்கத்து ஆய்வகங்களுக்கு வேறொரு வாசகரும் உண்டு. 2020இல் கேரளத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபீனோகாக்கஸ் மனிஹோட்டி என்னும் அயல்நாட்டு வர்க்கம், சீக்கிரமே சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவி, செடியின் நுனியைச் சுருட்டி முடிச்சுப்போட்டது போலாக்கியபோது, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வு நிறுவனத்தில் பெருக்கப்பட்டு, 2022இல் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் 1980களிலேயே இதே பூச்சியை இதே குளவி அடக்கியதற்காகத்தான் ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995ஆம் வருஷத்து உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் உண்டு. குளவியை விட்ட வயலில் ரசாயன மருந்து அடித்தால் மாவுப்பூச்சியோடு குளவியும் சாகும் என்ற ஒரே ஒரு வாக்கியம், உரிய சமயத்தில், தமிழில், கைப்பேசித் திரையில், ஒரு விவசாயியின் கண்ணில் படுவதன் பயனை எண்ணிப் பாருங்கள். அவர் அதை வயல் வரப்பில் நின்று, வெயிலில், மெதுவான இணைப்பில் வாசிக்கிறார். அசையும் படங்களும் தானே ஓடும் காணொலியும் நிறைந்த முகப்பு அவருக்கு உதவாது. ஆகவே, ஆய்வகத்தின் முகப்புப் பக்கத்தில் இன்ன பயிரில் அல்லது இன்ன பொருளில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைத் தமிழில் நாலு வரியிலும் ஆங்கிலத்தில் நாலு வரியிலும் சொல்லிவிடுவது உத்தமம். உறுப்பினர்கள், கட்டுரைகள், பொதுமக்களுக்கான குறிப்புகள், தொடர்பு கொள்ளும் விதம் என்ற பக்கங்களுக்கு மேல் ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம். "தொலைநோக்கு", "குறிக்கோள்" என்ற தலைப்புகளில் யாரும் வாசிக்காத பத்திகளை எழுதுவதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு நல்ல புகைப்படம் எடுத்துவிடலாம்.

எதைக் கொண்டு

தளம் அமைக்கும் மார்க்கங்கள் பல. கம்பெனிகள் இலவசமாகத் தரும் இழுத்துப்போட்டு அமைக்கும் கருவிகள் சௌகரியமானவை. ஆனால் அவற்றில் அமைத்ததை மூலமாக வெளியே எடுத்துப் பிறருக்குக் கொடுக்க வழியில்லை. வேர்ட்பிரஸ் தானே திறந்த மூல மென்பொருள்தான். எனினும் அதற்கு ஒரு தரவுத்தளமும் இடைவிடாத பாதுகாப்புப் புதுப்பித்தலும் தேவை. கவனிப்பார் இல்லாத வேர்ட்பிரஸ் தளம் சில மாதங்களில் சூதாட்ட விளம்பரங்களை ஏந்தி நிற்பதை நம் கல்லூரிகள் பலவும் அறியும். சிற்றாய்வகத்துக்கு நான் சிபாரிசு செய்வது நிலையான பக்கங்களாலான தளம். அதாவது, எழுத்துக் கோப்புகளை ஒரு சிறு நிரல் வாசித்து, முடிந்த பக்கங்களாக ஒரே தடவையில் ஆக்கிக் கொடுத்துவிட, அவற்றை எந்தச் சேவையகத்திலும் அப்படியே வைத்துவிடலாம். உடைத்துப் புகுவதற்கு அங்கே உள்ளே இயங்கும் யந்திரம் எதுவும் இல்லை.

இவ்வகை நிரல்களில் பிரசித்தமானவை ஜெக்கில், ஹ்யூகோ என்ற இரண்டு. ஜெக்கிலை 2008இல் டாம் பிரஸ்டன்-வெர்னர் வெளியிட்டார். மூலக் கோப்புகளை வைத்துப் பகிரும் கிட்ஹப் என்னும் இணையச் சேவையைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர் ஆகையால், ஜெக்கில் கோப்புகளைக் கிட்ஹப்பில் வைத்தால் அதுவே தளமாக மாற்றி இலவசமாக வெளியிடும் ஏற்பாடு அவ்வருஷத்திலேயே உண்டாயிற்று. பிரசுரமாகும் தளம் ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்படலாகாது, மாதத்துக்கு நூறு ஜிகாபைட் அளவுக்கு மேல் வாசகர் இறக்கிக்கொள்வதை அவர்கள் விரும்புவதில்லை என்ற வரம்புகள் உண்டு. புகைப்படங்களைக் கைப்பேசியிலிருந்து வந்தபடியே போடாமல் அகலம் ஆயிரத்து இருநூறு புள்ளிக்குச் சுருக்கிப் போடுகிற ஆய்வகம் அந்த வரம்புகளை எட்டிப் பார்க்கவே போவதில்லை.

பக்கங்களை எழுதுவதற்கு மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறை போதும். ஜான் க்ரூபர் 2004இல் அதை வெளியிட்டபோது கருதியது, குறிகளோடு கூடிய மூலத்தையே மனிதர் சிரமமின்றி வாசிக்க வேண்டும் என்பது. தலைப்புக்கு முன் ஒரு குறி, சாய்வெழுத்துக்கு இருபுறமும் ஒரு குறி என்ற அளவிலேயே அது முடிந்துவிடுவதால், கணினி தெரியாத பேராசிரியரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உறுப்பினர்களையும் கட்டுரைகளையும் பக்கத்துக்குள்ளேயே எழுதிவைக்காமல், தனித்தனியே ஒரு தரவுக் கோப்பில் வைக்க வேண்டும். உறுப்பினர் கோப்பில் ஒவ்வொருவருக்கும் பெயர், பணி, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, படத்தின் கோப்புப் பெயர், ஆராய்ச்சியாளருக்குரிய அடையாளமான ஆர்க்கிட் எண் என்று வரிக்கு ஒன்றாக எழுதிவிட்டால், அதை எந்த அலங்காரத்தில் காட்டுவது என்பதை வார்ப்புரு பார்த்துக்கொள்ளும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் முன்னவருடைய ஆறு வரிகளைப் பிரதி செய்து மாற்றினால் முடிந்தது; நமது தளத்தை எடுத்துக்கொள்கிற வேறோர் ஆய்வகமும் இந்த இரண்டு கோப்புகளை மாற்றியதுமே தொண்ணூறு பங்கு வேலையை முடித்துவிடும்.

இக்கோப்புகள் யாமல் என்ற முறையில் எழுதப்படுபவை. அதில் தொடக்கத்தாரை மயக்கும் இடங்கள் இரண்டு. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை வெற்றிடப் பொத்தானால்தான் விட வேண்டும். தாவல் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியினும், தளம் முழுவதும் உண்டாக மறுத்துவிடும். மற்றது, கட்டுரைத் தலைப்புகளில் வரும் முக்காற்புள்ளி. தலைப்பை இரண்டாகப் பிரித்து நடுவே முக்காற்புள்ளி இடாத ஆய்வுக் கட்டுரை இக்காலத்தில் அபூர்வம். அந்தப் புள்ளியை யாமல் தனக்குரிய குறியென்று எடுத்துக்கொண்டு தடுமாறும். தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துவிடுவதே பரிகாரம். இந்த ஒரு வரியை மூலத்தோடு வைக்கும் விளக்கக் கோப்பில் எழுதிவைத்தால் பின்வரும் மாணவர் ஒருவரின் ஒரு முழு மாலைப்பொழுது மிச்சமாகும்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்வதற்குக் கிட் என்னும் கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் வேலைக்காக இதை எழுதினார். மளிகைக் கடைப் பேரேட்டில் பழைய வரியை அழிக்காமல் கீழே புது வரி எழுதிக்கொண்டு போவது போல, யார், எப்போது, எதை, எதற்காக மாற்றினார் என்பதை அது வரிசையாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பதிவோடும் எழுதும் குறிப்பில் "திருத்தம்" என்று மட்டும் எழுதுவது சோம்பேறித்தனம். "முனைவர் பட்டம் பெற்றதால் இன்னாரை முன்னாள் உறுப்பினர் பட்டியலுக்கு மாற்றியது" என்று எழுதினால் அதுவே நாளடைவில் ஆய்வகத்தின் தினசரிக் குறிப்பாகிவிடும்.

தமிழில் வைப்பது பற்றி

தமிழை இணையத்தில் வைப்போர் அறிந்திருக்க வேண்டிய முன்னுதாரணம் மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளி வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1998ஆம் வருஷத்துப் பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாக வழங்கும் அந்த முயற்சியை, உலகெங்கும் பரவியிருந்த தொண்டர்களின் துணையோடு ஆரம்பித்தார். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தமது ஓய்வு நேரத்தில் செய்தது அது என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் தமிழுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடு நடைமுறையில் இல்லை. மயிலை என்ற எழுத்துருவை அவரே செய்திருந்தார். பிறகு டிஸ்கி என்ற குறியீடு வந்தது. அதன் பிறகு யூனிகோடு வந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய கோப்புகளைப் புதிய குறியீட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது, மாற்றவும் முடிந்தது. காரணம், அவை வெறும் எழுத்தாக இருந்தன. படமாக ஒட்டப்பட்டோ ஒரு கம்பெனியின் மென்பொருளுக்குள் பூட்டப்பட்டோ கிடக்கவில்லை.

2010இலேயே தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. எனினும் நம் வட்டார அச்சுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விவசாயிகளுக்கென்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தின் கோப்பை அச்சுக்கூடத்திலிருந்து வாங்கித் தளத்தில் ஒட்டினால் அங்கே தெரிவது பொருளற்ற ரோமன் எழுத்துக்களாகத்தான் இருக்கும். அதை முதலில் மாற்றியில் இட்டு யூனிகோடாக்கி, பிறகு ஒரு தமிழறிந்தவர் வரிவரியாகப் படித்து, ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருப்பவற்றைத் திருத்தியாக வேண்டும். நேரம் மிச்சம் என்று பிரசுரத்தின் படத்தையே ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. தேடுபொறி அதை வாசிப்பது அருமை; பார்வையற்றவரின் திரைவாசிப்பானோ அதில் எதையும் காணாது. அதே காரணத்துக்காக, தமிழ்ப் பக்கங்களில் மொழி தமிழ் என்ற குறியையும் ஆங்கிலப் பக்கங்களில் ஆங்கிலம் என்ற குறியையும் வார்ப்புருவில் இட மறக்கக் கூடாது; இடாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கில உச்சரிப்பில் ஓதத் தொடங்கும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போல, பகிர்வதற்குத் தடையில்லாத உரிமத்தில் வந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் வைக்கச் சொல்வேன். இதில் தமிழுக்கு அவமரியாதை எதுவும் இல்லை. இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் பிடிக்கிறது. இணைய முகவரியாகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரிகிறது. ஆகவே "மரவள்ளி" என்ற சொல்லிலுள்ள ஏழு குறிகள், முகவரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது, அறுபத்து மூன்று எழுத்துக்களாக நீண்டு, வாங்குபவரை இது ஏதோ மோசடி இணைப்பு என்று அஞ்ச வைத்துவிடக்கூடும்.

உரிமம்

மூலத்தை இணையத்தில் போட்டுவிட்டாலே அது பொதுவுடைமை ஆகிவிடாது. 1957ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவர் ஒன்றும் சொல்லாவிட்டால் உரிமை யாவும் உரியவரிடமே நிற்கும். பார்க்கலாமே தவிர எடுத்தாள முடியாது. உரியவர் யார் என்பதுதான் நம் ஆய்வகங்களில் ஒருவரும் யோசித்துப் பாராத கேள்வி. உத்தியோகத்தின் பகுதியாக ஊழியர் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே என்கிறது அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு. அரசாங்கத்தின் பணியாகச் செய்தது அரசாங்கத்துடையது. மாணவரோ ஊழியர் அல்லர். அவர் தம் விடுமுறையில் எழுதிய வார்ப்புரு அவருடையது. ஆகையால், தளத்தின் மூலத்தைப் பொதுவில் வைக்குமுன் முதல்வரிடமோ நிலையத் தலைவரிடமோ எழுத்தில் அனுமதி பெறுவதும், அமைக்கும் மாணவர் இன்ன உரிமத்தின் கீழ் இதைத் தருகிறேன் என்று முதல் நாளே உரிமக் கோப்பில் பதிவதும் அவசியம். அவர் வேலைக்குப் போன பிறகு தேடிப்பிடித்துக் கேட்பது கஷ்டமான காரியம். கேட்கும் நம்மையும் கொடுக்கும் அவரையும் சங்கடத்தில் வைக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் பொருந்தாது. நிரலுக்கும் வார்ப்புருவுக்கும் எம்ஐடி உரிமம் போதும். அது மிகச் சிறியது. உரிமக் குறிப்பை நீக்காமல் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம். எழுத்துக்கும் படவிளக்கங்களுக்கும், பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமம் பொருந்தும். உறுப்பினர்களின் முகப்படங்களையும் கல்லூரியின் சின்னத்தையும் இரண்டிலிருந்தும் விலக்கி, "இவை பிரதி செய்வதற்கு அல்ல" என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். வயலில் எடுத்த படங்களில் விவசாயிகள் இருந்தால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். கள ஆய்வு அட்டவணையில் அவர்களுடைய பெயரோ கைப்பேசி எண்ணோ இருந்தால் அந்த அட்டவணை, தளத்தின் மூலத்தை வைக்கும் பொதுக் களஞ்சியத்தின் பக்கமே வரக்கூடாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், தம் கிணற்று நீரைச் சோதனைக்கு நம்பிக் கொடுத்தவரின் எண்ணை ஊரறியப் போடுவது முறையல்ல.

பகிர்தல்

உலகளாவிய வலை என்பதே ஓர் ஆராய்ச்சி நிலையம் பகிர்ந்த சொத்து. ஜெனீவாவை அடுத்த செர்ன் நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்ததை, 1993 ஏப்ரல் 30ஆம் தேதி அந்நிலையம் கட்டணமின்றி எவரும் கையாளலாம் என்று பொதுவுடைமையாக்கியது. அதே வழியில் ஆய்வகத் தளங்களையும் பகிர்ந்தோர் உண்டு. சியாட்டிலில் வைரஸ்களின் பரிணாமத்தை ஆராயும் ட்ரெவர் பெட்ஃபோர்டின் ஆய்வகமும், நெதர்லாந்தின் லைடன் சர்வகலாசாலையில் பௌதிக ஆராய்ச்சி செய்துவந்த ஆலன் ஆய்வகமும் தங்கள் தளத்தின் மூலத்தையே பிறர் எடுத்துக்கொள்ள வைத்தன. கேசி கிரீன் என்னும் ஆராய்ச்சியாளரின் ஆய்வகமோ வார்ப்புருவை மட்டும் தனியே பிரித்து, விளக்க நூலும் எழுதி, கட்டுரையின் நிலையான அடையாளமாகிய டிஓஐ எண்ணைக் கொடுத்தால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு முதலியவற்றைத் தானே இட்டு நிரப்பும் வசதியும் சேர்த்துத் தந்திருக்கிறது. இரண்டாவது முறை மேலானது. ஆயினும் அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். நாலு பேர் கொண்ட ஆய்வகம் முதல் முறையைப் பின்பற்றினால் போதும். அல்லது இம்மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கங்களுக்கான மாற்றத்தை மட்டும் செய்து அந்த மாற்றத்தைப் பகிர்ந்தாலும் குறைவில்லை. ஒவ்வொரு வார்ப்புருவுக்கும் உரிய உரிமத்தை முதலில் படித்துவிட்டு எடுங்கள். எடுத்த இடத்தைத் தளத்தின் அடியில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

களஞ்சியத்தைப் பொதுவில் திறப்பதற்கு முந்திய நாள் செய்யவேண்டிய சோதனைகள் சில. கடவுச்சொல், மின்னஞ்சல் சாவி, படிவச் சேவையின் ரகசியக் குறி முதலியவை எந்தக் கோப்பிலாவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். இன்றைய கோப்பில் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணலாகாது; கிட்டின் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும். ஒரு தடவை உள்ளே போன கடவுச்சொல்லை வெளிப்பட்டதாகவே கருதி உடனே மாற்றிவிட வேண்டும். அடுத்தது, நமக்கு மட்டுமே உரிய அமைப்புக் குறிகள். வருகையாளரை எண்ணும் சேவையின் அடையாள எண்ணை வார்ப்புருவுக்குள் புதைத்து வைத்திருந்தால், பிரதி எடுத்தவர் அதை நீக்க மறந்துவிட, அவருடைய வாசகர்களும் நம் கணக்கில் வந்து சேர்வார்கள். நம் தரமதிப்பீட்டு அறிக்கையில் வருகை திடீரென்று பெருகியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருப்போம்! இணையப் பெயரைத் தாங்கும் சிநேம் என்ற சிறு கோப்பும் அப்படியே. பிரதி எடுத்தவரின் களஞ்சியத்தில் அது தங்கிவிட்டால், அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொருவருடையது என்று கூறும் எச்சரிக்கை அவருக்கு வரும். இத்தகையவற்றை எல்லாம் ஒரே அமைப்புக் கோப்பின் தலைப்பில் திரட்டிவைத்து, "பிரதி எடுப்போர் முதலில் மாற்ற வேண்டியவை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைப்பது மிகவும் உபகாரம்.

விளக்கக் கோப்பில் வேண்டியது அதிகமில்லை: எந்தப் பதிப்பு ஜெக்கில், அதை இயக்கும் ரூபி மொழியில் எந்தப் பதிப்பு, தம் கணினியில் தளத்தை ஓட்டிப் பார்க்கத் தட்டவேண்டிய கட்டளைகள், ஒரு கட்டுரையைச் சேர்க்கும் விதம், ஓர் உறுப்பினரைச் சேர்க்கும் விதம், உரிமம். பிறர் கேட்கும் சந்தேகங்களுக்கெல்லாம் விடை சொல்லும் பொறுப்பு நமக்கில்லை என்பதையும் மரியாதையான ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். தயங்க வேண்டியதில்லை, தேர்வுக் காலத்தில் யார் உட்கார்ந்து கடிதம் எழுதுவது?

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கான ஏசி.இன், ரெஸ்.இன் என்னும் முடிவுகளை எர்நெட் இந்தியா வழங்குகிறது. அதற்குக் கல்லூரியின் கடிதம் முதலியவை தேவை. கல்லூரியின் பெயருக்குக் கீழேயே ஒரு கிளைப்பெயர் கிடைக்குமானால் அதுவே நல்லது. சந்தாக் கவலை நமக்கில்லை. தனியே வாங்குவதானால் மாணவரின் மின்னஞ்சலில் அல்லாமல், ஆய்வகத்துக்கென்று உள்ள மின்னஞ்சலில் வாங்குங்கள். களஞ்சியத்தையும் ஒருவர் பெயரில் வைக்காமல் ஆய்வகத்தின் பெயரில் ஓர் அமைப்பாகத் திறந்து, குறைந்தது இருவருக்கு உரிமையாளர் அதிகாரம் கொடுங்கள். அவர்களில் ஒருவர் பேராசிரியராக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை முழு மூலத்தையும் ஜெனோடோவில் ஒரு பதிப்பாக வைத்தால் அதற்கும் ஒரு டிஓஐ எண் கிடைக்கும். 2013 முதல் செர்ன் நடத்திவரும் இலவசக் காப்பகம் அது.

கடைசியாக, கைமாற்றும் முறை. தளத்தைக் கவனித்துவந்த மாணவர் வாய்மொழித் தேர்வு முடிந்து புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாக, அவருக்குப் பின் கவனிக்கப்போகிறவரை அழைத்து, இதுவரை இந்தத் தளத்தைத் தொடாத ஒரு கணினியைக் கொடுத்து, விளக்கக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை இறக்கித் தளத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புறப்படுகிறவர் பக்கத்தில் இருக்கலாம். வாய் திறக்கக் கூடாது. புதியவர் எங்கே திகைத்து நிற்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, விளக்கக் கோப்பில் அந்த வரியைத் திருத்தி எழுதுவது புறப்படுகிறவரின் கடமை. திருத்தியதும், உறுப்பினர் கோப்பில் அவருடைய ஆறு வரிகளை நீக்காமல், விலகிய ஆண்டு என்ற வரியை மட்டும் புதியவரே நிரப்பட்டும். வார்ப்புரு அவரை முன்னாள் உறுப்பினர் பட்டியலுக்குத் தானே கொண்டுபோய்விடும். புதியவருக்கு அது முதற்பதிவாகவும் அமைந்துவிடும்.